கிரேக்கக் கோயில்களில் தூண்களுக்கு மேலே வரும் மூன்று கோட்டுப் பட்டைகள் எதற்கு?

அழகுக்கா, இல்லை ஏதாவது பாரம் தாங்குகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அழகுக்குத்தான். ஆனால் அதன் பூர்வீகம் தச்சுவேலை என்கிறார் கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். மரத்தில் கோயில் கட்டிய காலத்தில் உத்தரங்களின் வெட்டுமுனைகள் வெளியே தெரிந்தன. பார்க்க நன்றாக இல்லை என்று தச்சர்கள் அவற்றின் மேல் பலகை அடித்து, நீல மெழுகு பூசினார்களாம். அந்தப் பலகைதான் பிறகு கல்லில் 'ட்ரைகிளிஃப்' ஆனது.

இதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்பதில்லை. ஆனால் பட்டைக்குக் கீழே உற்றுப் பாருங்கள்: ஆறு சிறு குமிழ்கள் தொங்கும். அசல் மர ஆணி மாதிரியே இருக்கும். கல்லுக்கு எதற்கு ஆணி? அதைப் பார்த்தால் எனக்கென்னவோ விட்ருவியஸை நம்பத்தான் தோன்றுகிறது.

சரி, இரண்டு பட்டைகளுக்கு நடுவே உள்ள சதுரப் பலகை 'மெட்டோப்'. ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலில் (கட்டத் தொடங்கியது கி.மு. 447) இப்படி 92 இருந்தன. தெற்குப் பக்கத்தில் பெரும்பாலும் பாதி மனிதன், பாதி குதிரையான சென்டார்களோடு நடக்கும் சண்டை. ஒவ்வொரு பலகையிலும் ஒரு பிடி.

அப்புறம், வெள்ளைப் பளிங்கு என்று நாம் நினைப்பதெல்லாம் சாயம் போன கோலம். அந்தக் காலத்தில் நீலமும் சிவப்புமாகப் பளிச்சென்று இருந்தவை இவை.