கேளுங்கள், சொல்கிறேன்: ஃபெங்யாங்கில் யார் பெரியவர்?

போன இதழில் கண்ணாடி செய்ய உதவும் குவார்ட்ஸ் மணலைப் பற்றிச் சொல்லும்போது, சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் இருக்கும் ஃபெங்யாங் கவுண்டியைப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தேன். வந்த கடிதங்களில் மணலைப் பற்றி ஒன்றுகூட இல்லை. எல்லாரும் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணாடி வியாபாரத்துக்காகப் பல வருஷம் அந்தப் பக்கம் போய்வந்தவன் என்கிற தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

கவுண்டி என்றால் மாவட்டமா, தாலுகாவா? (தஞ்சாவூர் வாசகர்)

இரண்டுக்கும் நடுவில். சீனத்தில் அதன் பெயர் 'சியன்'. ஃபெங்யாங்கின் பரப்பு 1,950 சதுர கிலோமீட்டரை ஒட்டி வரும். ஆறேழு லட்சம் ஜனம். மேலே மாகாணம், அதற்குக் கீழே 'நகரம்', நகரத்துக்குக் கீழே சியன், அதற்கும் கீழே சிற்றூர் நிர்வாகம், கடைசியில் கிராமம்.

இந்த 'நகரம்' என்ற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். முதல் தடவை மணல் பார்க்கப் போனபோது விலாசம் 'சூஜோவ் நகரம், ஃபெங்யாங் கவுண்டி' என்று இருந்தது. நகரத்துக்குள்தானே, ஆட்டோ தூரம் இருக்கும் என்று சூஜோவில் அறை எடுத்துவிட்டேன். காலையில் டிரைவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோதுமை வயல், குளம், மறுபடியும் கோதுமை வயல் என்று இரண்டு மணி நேரம் ஓடியது கார். சூஜோவ் 'நகரம்' என்பது பல கவுண்டிகளைக் கட்டி மேய்க்கிற ஒரு நிர்வாக அடுக்கு. கவுண்டிகளை நகரத்தின் கீழ் கொண்டுவருகிற இந்த ஏற்பாடு 1980-களில் பரவலானது. வயலும் மலையும்கூட அங்கே நகரக் கணக்கில்தான் வரும்.

கவுண்டிக்குத் தலைவர் யார்? கலெக்டர் மாதிரி ஒருவர் உண்டா? (சிவகாசி வாசகர்)

அசடு வழிந்து கற்றுக்கொண்ட பாடம் இது. அன்ஹுயில் ஒரு கவுண்டியில் (ஃபெங்யாங் இல்லை) மதிய விருந்துக்கு அழைத்திருந்தார்கள். பெரிய வட்ட மேஜை. மொழிபெயர்ப்பாளர் இருவரை அறிமுகம் செய்தார். ஒருவர் கவுண்டித் தலைவர், இன்னொருவர் 'செக்ரட்டரி'. தலைவரிடம் ஓடிப்போய்க் கைகுலுக்கி, கொண்டுபோன பித்தளைக் குத்துவிளக்கைக் கொடுத்தேன். செக்ரட்டரியை அவருடைய பி.ஏ. என்று நினைத்து ஒரு சிரிப்போடு நிறுத்திக்கொண்டேன். அறையே அமைதியாகிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் என் முழங்கையைக் கிள்ளினார்.

அந்த 'செக்ரட்டரி' கம்யூனிஸ்ட் கட்சியின் கவுண்டிக் குழுச் செயலாளர். சீனத்தில் 'ஷூஜி'. கவுண்டியில் அவர்தான் நம்பர் ஒன். தலைவர் நம்பர் டூ. தலைவர் அரசாங்கத்தை நடத்துவார்: பள்ளிக்கூடம், சாலை, வரவு செலவு. யாரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது, எந்தத் திட்டம் முதலில் என்று முடிவெடுப்பது ஷூஜியின் குழு. கட்சிக் குழு, அரசாங்கம், மக்கள் காங்கிரஸ் (பிரதிநிதிகள் சபை), அரசியல் ஆலோசனை மாநாடு (யோசனை சொல்லும் சபை) என்று நான்கு அமைப்புகள் இருந்தாலும் கடிவாளம் முதலாவதின் கையில்.

அன்றைக்கு நான் கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்த்திருந்தாலே போதும். விருந்தில் வாசலைப் பார்த்து இருக்கும் நாற்காலிதான் முதல் நாற்காலி. ஷூஜி அதில்தான் உட்கார்ந்திருந்தார்.

இந்த ஏற்பாடு கம்யூனிஸ்டுகள் கொண்டுவந்ததா? (மதுரை, ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்)

கட்சி புதிது. கவுண்டி ரொம்பப் பழையது. கி.மு. 350-லேயே சின் நாட்டு அமைச்சர் ஷாங் யாங் ஊர்களைச் சேர்த்துக் கவுண்டிகளாக்கி, மேலிருந்து அதிகாரிகளை நியமித்தார். கி.மு. 221-ல் சின் அரசன் சீனா முழுவதையும் பிடித்தபோது அதே அமைப்பு நாடெங்கும் போனது. அதன் பிறகு எத்தனையோ வம்சங்கள் வந்து போய்விட்டன. மாகாணங்களை வெட்டினார்கள், ஒட்டினார்கள். கவுண்டியை மட்டும் யாரும் ஒழிக்கவில்லை.

நீங்கள் வருவாய்த் துறையில் இருந்தவர் என்பதால் மிங், சிங் பேரரசர்கள் காலத்துக் கவுண்டி அதிகாரியின் பாட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ரசிப்பீர்கள். பேரரசர் நேரடியாக நியமித்த அதிகாரிகளில் ஏறக்குறைய கடைசிப் படி இவர். ஒன்பது தரத்தில் ஏழாவது தரம். 'எள்ளளவு அதிகாரி' என்று ஜனங்கள் கேலி செய்வார்கள். எதிரே வந்தால் 'தாய் தகப்பன் அதிகாரி' என்று கும்பிடுவார்கள். வரி வசூல் அவர், கொலை வழக்கு விசாரணை அவர், பஞ்சம் வந்தால் கஞ்சித் தொட்டி திறப்பதும் அவர். அலுவலகமும் வீடும் ஒரே வளாகம்: முன்கட்டில் நீதிமன்றம், பின்கட்டில் குடும்பம். முறையீடு உள்ளவர்கள் அடிக்க ஒரு முரசு இருக்கும்.

சொந்த மாகாணத்தில் மட்டும் வேலை பார்க்க முடியாது. உறவுக்காரர்களுக்கு வளைந்து கொடுப்பார் என்று அப்படி ஒரு சட்டம். ஆக, உள்ளூர்ப் பேச்சே புரியாத ஊரில் தேர்வு எழுதி வந்த ஒரு படிப்பாளி. ஓரிரு வருஷத்தில் மாற்றல் வந்துவிடும். அவரைச் சுற்றிலும் அதே ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற குமாஸ்தாக்களும் சேவகர்களும். யாருடைய நிலம் எந்தப் பதிவில் ஒளிந்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் அத்துப்படி. சம்பளம் என்று பெரிதாக இல்லை; 'கட்டணம்' உண்டு. யார் யாரை ஆட்டிவைத்திருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சொந்த ஊர்த் தடை இன்றும் இருக்கிறது. வளர்ந்த ஊரில் ஒருவர் கட்சிச் செயலாளராகவோ கவுண்டித் தலைவராகவோ இருக்கக் கூடாது என்று 2006-ல் கட்சி விதியே போட்டது.

ஃபெங்யாங்குக்கு மட்டும் என்ன விசேஷம்? (கோயம்புத்தூர் வாசகி)

அம்மா, பிச்சை எடுத்த ஒருவர் பேரரசரான ஊர் அது. ஜூ யுவான்ஜாங் 1328-ல் அந்த வட்டாரத்தில் ஒரு ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தார். 1344-ல் வறட்சி, வெட்டுக்கிளி, கொள்ளைநோய் மூன்றும் சேர்ந்து வந்தன. சில வாரங்களுக்குள் அப்பா, அம்மா, மூத்த அண்ணன் மூவரும் போய்விட்டார்கள். புதைக்க நிலமில்லை. பக்கத்துக்காரர் ஒருவர் ஒரு துண்டு கொடுத்தார். சவப்பெட்டி இல்லாமல், கந்தல் துணி சுற்றி, மேலாக மண்ணைத் தள்ளி மூடினார்கள். பையன் பௌத்த மடத்தில் சேர்ந்து, திருவோடு ஏந்தி அலைந்து, கலகப் படையில் சேர்ந்து, 1368-ல் மிங் வம்சத்தின் முதல் பேரரசராக உட்கார்ந்தார்.

பெற்றோர் கல்லறையைப் பிற்பாடு பெரிய நினைவிடமாக்கினார். அங்கே நிற்கும் கல்வெட்டின் வாசகம் அவரே எழுதியது. அரசவைப் புலவர்கள் எழுதியது பூசி மெழுகலாக இருந்ததாம். வேண்டாம் என்று தள்ளிவிட்டு, கந்தல் துணியையும் சவப்பெட்டி இல்லாததையும் கல்லில் ஏற்றினார். எத்தனையோ அரசர்களின் கல்வெட்டைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

ஆனால் அந்தப் பாசம் ஊருக்கு நல்லது செய்ததா என்றால், சந்தேகம்தான். 1369-ல் அங்கேயே தலைநகர் கட்ட ஆரம்பித்தார். ஆறு வருஷம் ஆள்பலமும் பணமும் கரைந்தபின், 1375-ல் செலவைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டார். இதற்கிடையில் 1374-ல் ஃபெங்யாங் என்று பெயர் வைத்து, யாங்ட்சி ஆற்றுக்குத் தெற்கேயிருந்து 1,40,000 பேரைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். விரும்பி வந்தவர்கள் இல்லை. ஹுவாய் ஆற்று வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி அடிக்க, பின்னால் வந்த நூற்றாண்டுகளில் ஃபெங்யாங்காரர் என்றாலே சிறு பறையைத் தட்டிப் பாடிப் பிச்சை கேட்பவர் என்று சீனா முழுக்கப் பேராகிவிட்டது. அந்தப் பறைப் பாட்டை 2006-ல் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்து கௌரவம் பண்ணினார்கள்.

விவசாயிகள் கைநாட்டு வைத்த கிராமம் அங்கேதானா? (ஈரோடு, விவசாயி)

அங்கேதான். சியாவ்காங். அதைச் சொல்லுமுன் ஒன்று சொல்ல வேண்டும். பேரரசர் காலத்து அதிகாரம் கவுண்டி வாசலோடு நின்றது. கிராமத்துக்குள் குலமும் பெரியவர்களும் பார்த்துக்கொண்டார்கள். 1958-ல் மக்கள் கம்யூன்கள் (ஊர்களைச் சேர்த்த கூட்டுப்பண்ணைகள்) வந்தபோது அரசாங்கம் அடுப்படிக்கே வந்துவிட்டது. பொது உணவுக்கூடம், பொது வயல், வேலைக்குப் புள்ளி. விளைச்சல் அமோகம் என்று மேலே பொய்க்கணக்கு போக, கணக்கில் இருந்த தானியத்தை நிஜத்தில் எடுத்துப் போனார்கள். அடுத்து வந்த பஞ்சத்தில் அன்ஹுய் மிக மோசமாக அடிபட்டது. 120 பேர் இருந்த சியாவ்காங்கில் 67 பேர் செத்ததாக ஊர்க் கணக்கு.

1978-ல் மறுபடி கடும் வறட்சி. அந்தக் குளிர்காலத்தில் ஒரு இரவு, ஒரு மண்வீட்டில் 18 வீட்டுக்காரர்கள் கூடி, நிலத்தை வீட்டுவாரியாகப் பிரித்துக்கொள்வதென்று ஒரு தாளில் சிவப்பு மையில் விரல் பதித்தார்கள். அரசுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு மிச்சம் தன் வீட்டுக்கு. அப்போது இது குற்றம். அதனால்தான் அந்தத் தாளில் இன்னொரு வரி: தலைவர்கள் ஜெயிலுக்குப் போனால் அவர்கள் பிள்ளைகளை 18 வயது வரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும்.

1979 அறுவடை சுமார் 66 டன். அதற்கு முந்தைய பல வருஷ விளைச்சலைச் சேர்த்தால்தான் அவ்வளவு வரும். இருபது வருஷத்துக்கு மேலாக நிவாரண தானியம் வாங்கித் தின்ற ஊர், அந்த வருஷம் அரசுக்கு தானியம் அளந்தது.

ஐயா, கைநாட்டை எல்லாரும் சொல்வார்கள். நான் வியப்பது அதைப் பார்த்தும் பார்க்காத அதிகாரிகளை. விஷயம் கசிந்ததும் கம்யூன்காரர்கள் விதை, உரம் தரமாட்டோம் என்று மிரட்டினார்கள். கவுண்டிச் செயலாளர் சென் டிங்யுவான், ஒரு வருஷம் செய்து பார்க்கட்டும், விடுங்கள் என்றார். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் அடுத்த வீட்டில்தான் வளர்ந்திருக்கும். மாகாணக் கட்சிச் செயலாளர் வான் லியும் தடுக்கவில்லை. 1980 ஜனவரியில் நேரிலேயே வந்தார். அதே வருஷம் மே மாதம் நாட்டின் பெருந்தலைவர் டெங் சியாவ்பிங் ஃபெங்யாங்கின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். 1982-ல் இந்த முறையை ஏற்று மத்திய ஆவணமே வந்துவிட்டது. ஒரு நேர்மைக்காக இதையும் சொல்கிறேன்: அதே மாகாணத்தில் ஃபெய்சி கவுண்டியில் இதற்குச் சில மாதம் முன்பே நிலத்தைப் பிரித்துவிட்டார்கள். அவர்களுக்குச் சிவப்புக் கைரேகைத் தாள் இல்லை, புகழும் இல்லை. இப்போது காட்டப்படுகிற தாள் அந்த இரவில் எழுதியதேதானா என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு.

அப்படியானால் நிலம் இப்போது விவசாயிக்குச் சொந்தமா? (அதே ஈரோட்டு வாசகர், தபால் அட்டையின் ஓரத்தில்)

இல்லை. கிராமக் கூட்டுக்குச் சொந்தம், வீட்டுக்குக் குத்தகை. முதலில் 15 வருஷம், பிறகு 30, இப்போது அது முடிய முடிய இன்னொரு 30. அடுத்தவருக்கு உழவுக்கு விடலாம், விற்க முடியாது. ஒரு ஆறுதல்: 2006 ஜனவரி 1 முதல் விவசாய வரி நாடெங்கும் கிடையாது.

கிராமத்தில் தேர்தல் உண்டா? (ஊராட்சிச் செயலர், விழுப்புரம் பக்கம்)

உண்டு. கிராமக் குழுவை ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதற்கு 1987-ல் தற்காலிகச் சட்டம், 1998-ல் நிரந்தரச் சட்டம். கவுண்டி மக்கள் காங்கிரசுக்கும் நேரடி ஓட்டு. அதற்கு மேலே போனால் இல்லை. கிராமத்திலும் கட்சிச் செயலாளர் ஒருவர் இருப்பார். பல ஊர்களில் அவரும் குழுத் தலைவரும் ஒரே ஆள்தான். உங்களுக்கும் குத்துவிளக்கு ஒன்று போதும்.

போனால் என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம்? (சென்னை வாசகி)

அதிவேக ரயிலில் பெங்பு தெற்கு நிலையத்தில் இறங்கிக் காரில் போங்கள். சாப்பிட, இறைச்சி வைத்து எண்ணெயில் பொரித்த 'நியாங் டோஃபு'. பேரரசருக்குப் பிடித்தது என்று ஒவ்வொரு கடையிலும் சொல்வார்கள். சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னாலும் இறைச்சி வரலாம்.

பார்க்க, ஊர் நடுவில் முரசு மண்டபம். கீழே சுரங்கம் போல வாசல் வைத்த செங்கல் மேடை 1375-ல் எழுந்தது. 'பத்தாயிரம் தலைமுறைக்கு அடித்தளம்' என்று பேரரசரின் நான்கு எழுத்துகள் அதன்மேல் இருக்கின்றன. மேலே உள்ள கட்டடம் 1995-ல் கட்டியது. 2025 மே மாதம் ஒரு சாயங்காலம் அதன் கூரை ஓடுகள் மழை மாதிரிச் சரிந்து விழுந்தன. யாருக்கும் அடியில்லை. அந்த வீடியோவை எனக்கு அனுப்பியவர் ஃபெங்யாங்கில் என் பழைய மணல் சப்ளையர். கூடவே ஒரு வரி: "கீழே உள்ளதற்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள்."