50 அடிக்கு மேல வேகமான பாய்மரப் படகு ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கணும், எதைப் பாத்து முடிவு பண்றது?

கேள்வி கேட்டவர் ஜெர்மனில இருக்கார், அவரும் அவர் மனைவியும் மட்டும் தான், ரெண்டு வருஷம் மெடிட்டரேனியன், அப்புறம் அட்லாண்டிக் தாண்டி கரீபியன். 52லேர்ந்து 56 அடிக்குள்ள ஒரு பெர்ஃபார்மன்ஸ் க்ரூஸர் (வேகமா ஓடற, உள்ளயே வாழவும் வசதியான பாய்மரப் படகு) தேடறாங்க, புரோக்கர் காட்டின ரெண்டுமே அம்சமா இருக்கு, எதை எடுக்கறதுன்னு தெரியலைன்னு எழுதியிருக்கார். நான் பால்மா டி மயோர்க்கால ஒரு யார்டுல 11 வருஷமா ரிக்கரா இருக்கேன், மாஸ்ட், அதைப் பிடிச்சு நிறுத்தற கம்பி, கயிறு, கயித்தச் சுத்தி இழுக்கற வின்ச் இதெல்லாம் என் பொழப்பு, வாங்கறவங்க சார்பா எத்தனையோ படகுல ஏறிப் பாத்திருக்கேன், அதுலேர்ந்து சொல்றேன்.

முதல்ல ஒண்ணு யோசிங்க, இந்தப் படகுக்கு வேகம் எங்கேர்ந்து வருது? எஞ்சின்லேர்ந்து இல்ல. எங்கேயோ எடைய குறைச்சிருக்காங்க, படகு சாயாம இருக்க அடியில ஆழமா மெல்லிசா ஒரு கீல் (துடுப்பு மாதிரி தொங்கற பாகம்) வச்சு அடியில ஈயக் குண்டு மாட்டியிருக்காங்க, மேல உயரமா மாஸ்ட் ஏத்தியிருக்காங்க, அவ்ளோதான். அப்ப நீங்க பாக்க வேண்டியதும் அந்த மூணு இடம் தான், எடை குறைச்ச இடம், கீல் ஒட்டியிருக்கற இடம், மாஸ்ட் இழுக்கற இடம். மெத்தை, கிச்சன், டிவி எல்லாம் காசு குடுத்தா மாத்திக்கலாம், இது மூணும் போச்சுன்னா படகு விலையில பாதி ரிப்பேருக்கே போயிடும்.

வேகமான படகுன்னா எல்லாம் ஒரே மாதிரி இல்ல, இதையும் தெரிஞ்சுக்கோங்க. 1973-74ல முதல் விட்பிரெட் உலகம் சுத்தற ரேஸ்ல மெக்சிகோக்காரர் ரமோன் கார்லின் சயூலா 2ங்கற படகுல ஜெயிச்சார், அது ஸ்வான் 65, பின்லாந்துல வரிசையா கட்டி வித்த மாடல், நல்ல கனமான படகு. 1977ல பில் லீ கட்டின மெர்லின் கலிஃபோர்னியாலேர்ந்து ஹவாய்க்கு 8 நாள் 11 மணி நேரத்துல போச்சு, அந்த ரெக்கார்ட் 20 வருஷம் நின்னுச்சு, நீளம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், ஆனா எடை ஸ்வான்ல பாதி கூட கிடையாது. இன்னிக்கு மார்க்கெட்ல இருக்கற எல்லாமே இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ நிக்குது. உங்க ரெண்டு படகும் எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரிஞ்சாலே எதை நோண்டிப் பாக்கணும்னு பாதி புரிஞ்சிடும், லேசான படகுன்னா கீலும் கோரும் (ஃபைபர் தோலுக்கு நடுவுல வைக்கற மரமோ ஃபோமோ) தான் முதல் கவலை, கனமான பழைய படகுன்னா டெக்கும் (மேல்தளம்) தேக்குப் பலகையும்.

கீல் பத்தி கொஞ்சம் நீளமா சொல்லணும். மூணு வருஷம் முன்னாடி ஒரு ஜோடிக்காக 54 அடி படகு ஒண்ணு பாத்தோம், 15 வருஷப் படகு, 2.8 மீட்டர் ஆழக் கீல், உள்ள எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. டிராவல் லிஃப்ட்ல (படகத் தூக்கற நகரும் கிரேன்) தூக்கி பட்டையில தொங்கும்போது நான் சொன்னேன், உடனே கட்டையில இறக்காதீங்க, பத்து நிமிஷம் அப்படியே தொங்கட்டும்னு. கீலோட எடை முழுக்க இப்ப கீழ இழுக்குது இல்லையா, கீலும் ஹல்லும் (படகோட உடம்பு) சேர்ற கோடு முன்பக்கத்துல முடி அளவுக்கு வாய் திறந்துச்சு, 0.3 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தகடு உள்ள போச்சு. அப்புறம் கட்டையில இறக்கினதும் அந்த வாய் மூடுச்சு, மூடும்போது அதுலேர்ந்து துரு கலந்த தண்ணி ஒரு கோடு வழிஞ்சுது. உள்ள போய் தரைப்பலகைய எடுத்தோம், பில்ஜ் (தரைப்பலகைக்கு அடியில இருக்கற பள்ளம்) முழுக்க புது வெள்ளை பெயிண்ட். 15 வருஷப் படகுல பில்ஜுக்கு மட்டும் புது பெயிண்ட் அடிச்சிருந்தா கட்டாயம் அதைச் சுரண்டிப் பாக்கணும். கடைசி கீல் போல்ட்டுக்குப் பின்னாடி, கிரிட் (ஹல்லுக்கு உள்ள பலத்துக்கு வைக்கற சட்டம்) ஹல்லோட ஒட்டற மூலையில, நகத்தால சுரண்டினா பெயிண்டுக்கு அடியில விரிசல் ஓடுது. அங்க தேங்கியிருந்த தண்ணிய விரல்ல தொட்டு நாக்குல வச்சேன், உப்பு.

ஏன் பின்னாடி? படகு பாறையில மோதும்போது கீலோட அடி முன்னாலேர்ந்து நின்னுடும், மேல படகு ஓடிக்கிட்டே இருக்கும், அப்ப கீல் சுழல பாக்கும், முன் முனை ஹல்ல விட்டு இழுக்கும், பின் முனை ஹல்லுக்குள்ள குத்தும். அதனால முன்னால வாயும் பின்னால விரிசலும் சேந்து இருந்தா அந்தப் படகு எங்கேயோ நல்லா தட்டியிருக்கு, ஓனர் சொன்னாலும் சொல்லாட்டியும்.

இதை சாதாரணமா எடுத்துக்காதீங்க. 2014 மே மாசம் சீக்கி ரஃபிக்கின்னு ஒரு 40 அடி படகு, ஆன்டிகுவால ரேஸ் முடிச்சு இங்கிலாந்துக்குத் திரும்பும்போது நடு அட்லாண்டிக்ல கீல் கழண்டு கவுந்துச்சு, அதுல இருந்த நாலு பேரும் போயிட்டாங்க. பிரிட்டிஷ் விபத்து விசாரணை அறிக்கையில முக்கியமா சொன்னது, உள்பக்க கிரிட்ட ஹல்லோட பசை போட்டு ஒட்டியிருக்கற படகுல, லேசா தரை தட்டினா கூட அந்த ஒட்டு விடலாம், விட்டது கண்ணுக்குத் தெரியாமலே இருக்கலாம்னு. அதனால விக்கறவர்கிட்ட "தரை தட்டியிருக்கா"ன்னு வாயால கேட்டா போதாது, எழுதி வாங்குங்க, படகச் சோதிச்சு அறிக்கை குடுக்கற சர்வேயர நீங்களே புடிங்க, புரோக்கர் சொல்ற ஆளு வேண்டாம்.

அடுத்தது கோர். லேசான படகுல டெக், சில படகுல ஹல்லும், ரெண்டு ஃபைபர் தோலுக்கு நடுவுல பால்சா மரமோ ஃபோமோ வச்சு செஞ்சது, தண்ணி உள்ள போச்சுன்னா பால்சா அழுகிடும். தேங்கா வாங்கும்போது தட்டிப் பாப்போம்ல, அதே வேலை தான், சின்ன பிளாஸ்டிக் சுத்தியலால தட்டிக்கிட்டே போங்க, நல்ல இடம் டக் டக்குன்னு கணீர்னு கேக்கும், கெட்ட இடம் தொப்புன்னு கேக்கும். வேலிக்கம்பி அடி, வின்ச் சுத்தி, மாஸ்ட் டெக்குக்குள்ள இறங்கற இடம், ஆணியும் போல்ட்டும் எங்கெல்லாம் துளைச்சிருக்கோ அங்க. தேக்கு டெக்கு ஸ்க்ரூ போட்டு அடிச்சதுன்னா ஆயிரக்கணக்குல ஓட்டை இருக்குன்னு அர்த்தம், ஸ்க்ரூவ மூடியிருக்கற மரத் தக்கை பேந்து வருதுன்னா பலகை தேஞ்சு போச்சு, இந்த சைஸ் படகுல டெக்கு மாத்தறது பெரிய செலவு.

மாஸ்ட் என் ஏரியா. வேகமான படகுல நிறைய பேர் மாஸ்ட்ட பிடிச்சு நிறுத்த வயருக்குப் பதிலா ராட் ரிக்கிங் போட்டிருப்பாங்க, ஒத்தைக் கம்பி. வயர்னா ஒரு இழை அறுந்தா கையில குத்தும், முன்னாடியே தெரியும், ராட் எதையும் காட்டாது. அதோட முனைய அமுக்கி பொத்தான் மாதிரி தலை பண்ணியிருப்பாங்க, விரிசல் அந்தத் தலைக்கு அடியில தான் வரும், கிண்ணத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும். கழட்டித் துடைச்சு சிவப்பு சாயம் தடவி, அதையும் துடைச்சிட்டு வெள்ளை ஸ்ப்ரே அடிச்சா, விரிசல் இருக்கற இடத்துல ரத்தம் கசியற மாதிரி சிவப்புக் கோடு மெல்ல மேல வரும். மாஸ்ட்ட இறக்காம பண்ற ரிக் செக்குக்கு பெருசா அர்த்தம் இல்ல. ரிக்கிங் 10, 12 வருஷம் தாண்டியிருந்தா இன்சூரன்ஸ்காரங்களே பல பேர் தயங்குவாங்க, அதனால மாத்தின ரசீது கேளுங்க, இல்லன்னா அந்தச் செலவ விலையில கழிங்க.

இப்ப நீங்க ரெண்டே பேருங்கற விஷயம், எனக்கு இது தான் ரொம்ப முக்கியம். 70 சதுர மீட்டர் ஜெனோவா பாய் (முன்பக்கப் பெரிய பாய்), காத்து படகு மேல 20 நாட் வேகத்துல (மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர்) அடிக்குதுன்னா பாய இழுத்துப் பிடிக்கற ஷீட் கயித்துல ஏறத்தாழ 590 கிலோ இழுப்பு. 25 நாட் ஆச்சுன்னா 920 கிலோ. காத்து கால்பங்கு தான் கூடிச்சு, இழுப்பு பாதிக்கு மேல கூடிடுச்சு, ஏன்னா அது காத்தோட வர்க்கத்துல ஏறும். 40 அடி படகுல கையில புடிச்சுக்கற கயிறு 54 அடில விரல எடுத்துடும். எலெக்ட்ரிக் வின்ச் இருக்கேன்னு சொல்லுவாங்க, நல்லது தான், ஆனா அதுக்கு கயிறு சிக்கினது தெரியாது, பட்டன அமுக்கற வரைக்கும் இழுத்துக்கிட்டே இருக்கும். சீ ட்ரையல் (கடல்ல ஓட்டிப் பாக்கறது) அன்னிக்கு விக்கறவரோட ஆளு யாரும் தொடாம, உங்க மனைவி தனியா மெயின் பாய ஒரு ரீஃப் (காத்து கூடும்போது பாயோட பரப்ப ஒரு படி சுருக்கறது) குறைக்கணும், அப்புறம் நீங்க தனியா. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் தூங்கும்போது அது தான நடக்கப் போகுது. எலெக்ட்ரிக்க ஆஃப் பண்ணிட்டு கைப்பிடில ஒரு தடவ பண்ணிப் பாருங்க.

எடை விஷயமும் இதோட சேந்தது. பாயோட பரப்ப, படகு தள்ளற தண்ணியோட கன அளவுக்கு கனமூலம் எடுத்து அதை வர்க்கம் பண்ணி வர்ற எண்ணால வகுங்க. 130 சதுர மீட்டர் பாய், 15 டன் படகுன்னா 21.7 வரும், 20க்கு மேல வந்தா வேகமான படகு. ஆனா அந்த 15 டன் பிரோஷர்ல போட்ட வெறும் எடை. 600 லிட்டர் டீசல் அரை டன், 800 லிட்டர் தண்ணி, 100 மீட்டர் 12 மில்லி நங்கூரச் சங்கிலி மட்டும் 330 கிலோ, ஜெனரேட்டர், டிங்கி, சோலார் ஆர்ச், ஸ்பேர் பாய், மூணு மாசச் சாப்பாடுன்னு ஏத்தினா 4 டன் ஏறிடும். 19 டன்ல அதே கணக்கு 18.6 தான். அதாவது வேகத்துக்குன்னு அதிகமா குடுத்த காசு லாக்கருக்குள்ள காணாம போச்சு. குறைச்சலா சாமான் ஏத்தி வாழ முடியும்னா இந்த வகைப் படகு எடுங்க, இல்லன்னா கனமான க்ரூஸரே உங்களுக்கு நிம்மதியா இருக்கும்.

மத்தத சுருக்கமா சொல்றேன். சுக்கான கையால புடிச்சு ஆட்டிப் பாருங்க, பேரிங்ல லொடலொடன்னு ஆட்டம் இருக்கக்கூடாது, ஜிப்ரால்டர் பக்கம் 2020லேர்ந்து ஓர்கா திமிங்கலங்க சுக்கான உடைக்கறதும் உங்க வழியில தான் இருக்கு. செயில் டிரைவ்னா, அதாவது எஞ்சின்லேர்ந்து ஹல்ல துளைச்சு நேரா கீழ இறங்கற டிரைவ்னா, அந்தத் துளைய அடைக்கற ரப்பர் டயாஃப்ரம் எப்ப மாத்தினாங்கன்னு கேளுங்க. எஞ்சின நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்சிருந்தா மறுநாள் வந்து குளிர்ந்த எஞ்சின ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. வாட் வரி கட்டின பேப்பர் கையில வராம அட்வான்ஸ் குடுக்காதீங்க. மாஸ்ட் 20 மீட்டர் தாண்டிச்சுன்னா அமெரிக்க கிழக்குக் கரை உள்வழியில 65 அடி பாலங்களுக்கு அடியில போக முடியாது, பிற்பாடு அங்க போற எண்ணம் இருந்தா கணக்குல வைங்க.

அந்த 54 அடி படகு என்னாச்சுன்னா, விக்கறவர் விலையில நல்லாவே குறைக்கறேன்னார், அந்தம்மா அதுக்குள்ள அந்த கிச்சன்ல மனசு வச்சிட்டாங்க, ஆனா கீல இறக்கி தரைய பிரிச்சு கிரிட்ட ஒட்டற எஸ்டிமேட் வந்ததும் வேண்டாம்னு விட்டாங்க, சர்வே, லிஃப்ட் செலவு போனது போனது தான். எட்டு மாசம் கழிச்சு 49 அடில ஒண்ணு எடுத்தாங்க, கீல் தொங்கவிட்டும் வாய் திறக்கல. சீ ட்ரையல்ல 22 நாட் காத்துல அந்தம்மா தனியா ரீஃப் பண்ண நாலு நிமிஷம் ஆச்சு, நான் காக்பிட்ல உக்காந்து டைம் பாத்தேன்.