முதலில் அப்பா படிக்கட்டும்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் மதுரைப் பக்கம் பிறந்தவள், நியூ ஜெர்சியில் வேலை. கணவர் யூதர். ரொம்ப ஆசாரமான குடும்பம் இல்லை, ஆனால் பஸ்கா, யோம் கிப்பூர் பண்டிகைகள் எல்லாம் உண்டு. மகனுக்குப் பத்து வயது. ஞாயிறு காலையும் புதன் சாயங்காலமும் ஹீப்ரு ஸ்கூலுக்குப் போகிறான். எழுத்துக்கூட்டி வாசிக்கிறான், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. போன வாரம் "இதெல்லாம் எனக்கு எதுக்கு?" என்று காரிலிருந்து இறங்க மாட்டேன் என்றுவிட்டான். கணவரிடம் சொன்னால், "நானும் இப்படித்தான் போனேன். பதிமூன்று வயதில் பார் மிட்ஸ்வா சடங்கு முடிந்ததும் விட்டுவிடலாம்" என்கிறார். விடுவதற்காகவா ஒன்றைப் படிக்கவைப்பது? இத்தனை நூற்றாண்டு இதைக் காப்பாற்றியவர்கள் பிள்ளைகளுக்கு எப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்? வெளியிலிருந்து வந்த நான் இதில் தலையிடலாமா? வகுப்பை நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகி (பெயர் வேண்டாமே)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகன் காரில் உட்கார்ந்து கேட்ட கேள்வி பைபிளின் யாத்திராகமம் பன்னிரண்டாம் அதிகாரத்திலேயே இருக்கிறது. மோசே எகிப்தில் ஜனங்களிடம், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்காவை எப்படி ஆசரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருகிறார். நடுவே, "இந்த ஆராதனை உங்களுக்கு எதற்கு என்று உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது" என்று ஒரு வரி. அந்த நேரத்தில் அவர்கள் இன்னும் அடிமைகள், விடுதலையே நடக்கவில்லை. அதற்குள் பிள்ளை கேட்கப்போகும் கேள்வி வந்துவிடுகிறது. கேட்ட ஜனங்கள் தலைகுனிந்து வணங்கினார்கள் என்று முடிகிறது அந்தப் பகுதி. ஏன் வணங்கினார்கள்? தங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கப்போகிறார்கள் என்ற நற்செய்தியும் அதில் இருந்ததே என்கிறார் பதினோராம் நூற்றாண்டு பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி. "எதுக்கு?" என்று கேட்கப்போகும் பிள்ளைகள்தான், ஆனாலும் நற்செய்தி.

பிற்காலத்தில் பஸ்கா இரவில் வாசிக்கும் ஹகடா நூல் இதே கேள்வியை நான்கு மகன்களில் துஷ்ட மகனின் வாயில் வைத்து, அவன் பல்லை மழுக்கு, அவன் அங்கே இருந்திருந்தால் மீட்கப்பட்டிருக்க மாட்டான் என்று சொல் என்கிறது. யாத்திராகமத்தில் அதே கேள்விக்குக் கோபமே இல்லாமல் நேரான பதில் இருக்கிறது. நான் யாத்திராகமத்தின் கட்சி.

சரி, எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டீர்கள். யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூதில் பாபா பத்ரா என்ற பகுதியில் பள்ளிக்கூடம் எப்படி வந்தது என்று ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. ஆரம்பத்தில் தகப்பன் உள்ளவன் தகப்பனிடம் கற்றான். தகப்பன் இல்லாதவன் கற்கவில்லை. அதற்காக எருசலேமில் ஆசிரியர்களை வைத்தார்கள். அங்கேயும் தகப்பன் உள்ளவனைத்தான் தகப்பன் கூட்டிக்கொண்டு போனான், இல்லாதவன் ஊரிலேயே கிடந்தான். பிறகு மாவட்டந்தோறும் ஆசிரியர் வைத்து, பதினாறு பதினேழு வயதில் சேர்த்தார்கள். வாத்தியார் கோபித்துக்கொண்டால் அந்த வயதுப் பையன்கள் உதறிவிட்டு எழுந்து போய்விட்டார்கள் (இது நடந்து ஈராயிரம் வருடம் ஆகிறது!). கடைசியில் யோசுவா பென் கம்லா என்ற தலைமை ஆசாரியர், கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிபடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஊருக்கு ஊர் ஆசிரியர், ஆறேழு வயதில் சேர்க்கை என்று ஏற்பாடு செய்தார். ஒரு வாத்தியாருக்கு 25 பிள்ளைகள், 40 ஆனால் துணைக்கு ஓர் ஆள், 50 ஆனால் இரண்டு வாத்தியார் என்றெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். பள்ளிக்கூடம் தகப்பன் இல்லாத பிள்ளைக்காக வந்தது. உங்கள் வீட்டில் தகப்பன் நன்றாக இருக்கிறார். ஆனால் பையனைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டால் போதும் என்று இருக்கிறார்.

பழைய ஐரோப்பிய ஊர்களின் ஹேடர் பள்ளிகள் ஒன்றும் சொர்க்கமாக இருக்கவில்லை. பெரும்பாலும் வாத்தியார் வீட்டிலேயே ஓர் அறை, நெருக்கியடித்துச் சின்னப் பையன்கள், கையில் பிரம்பு. முதல் நாள் எழுத்துகளின் மேல் தேன் தடவி நக்கச் சொல்லும் வழக்கம் இருந்தது, அந்த இனிப்பு எத்தனை நாள் தாங்கியதோ. ஆனாலும் பிள்ளைகளுக்கு அது அர்த்தமில்லாமல் போகவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து ஓய்வுநாள் தொடங்கினால் கடை அடைத்தது, வீட்டில் விளக்கு ஏறியது, தெருவே மாறியது. வகுப்பில் படித்தது வெளியே நடந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவில் தெரு அப்படி இல்லை. 1838இல் ஃபிலடெல்ஃபியாவில் ரெபெக்கா கிராட்ஸ் என்ற பெண்மணி ஹீப்ரு ஞாயிறு பள்ளி தொடங்கியபோது, கிறிஸ்தவர்களின் ஞாயிறு பள்ளியைத்தான் மாதிரியாக எடுத்துக்கொண்டார். 1910இல் நியூயார்க்கில் யூதக் கல்விக்கென்று ஒரு அலுவலகம் அமைந்தது. அதை நடத்திய சாம்சன் பெண்டர்லி மருத்துவம் படித்துவிட்டு ஆசிரியப் பணிக்கு வந்தவர். பிள்ளைகள் பகலில் பொதுப்பள்ளிக்குப் போகட்டும், மதக்கல்வி அதற்கு மேல் என்பது அவர் ஏற்பாடு. இரண்டு பேரும் காலத்துக்கேற்ற நல்ல வேலைதான் செய்தார்கள். ஆனால் வீடும் தெருவும் சேர்ந்து செய்துவந்த வேலை முழுக்க வாரத்தில் இரண்டு வகுப்பின் தலையில் வந்து விழுந்தது. உங்கள் மகனின் டீச்சரைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை.

ஆகவே பையனிடமிருந்து ஆரம்பிக்காதீர்கள், கணவரிடமிருந்து ஆரம்பியுங்கள். இது என் சொந்த யோசனை அல்ல. மகனுக்கு என்னென்ன செய்யத் தகப்பன் கடமைப்பட்டவன் என்று தல்மூதின் கித்துஷின் பகுதியில் ஒரு பட்டியல் வருகிறது: தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) கற்றுக்கொடு, தொழில் கற்றுக்கொடு, நீச்சலும் கற்றுக்கொடு என்பார் சிலர். அங்கேயே ஒரு கேள்வி. அப்பனும் படிக்க வேண்டும், மகனும் படிக்க வேண்டும், ஒருவருக்குத்தான் வசதி என்றால் யாருக்கு முதலிடம்? அப்பனுக்கு. யூத மதகுருவான ராபி யூதா மட்டும், மகன் சூட்டிகையான பையனாக, படித்தது மனதில் நிற்பவனாக இருந்தால் மகனுக்கு என்கிறார். படிக்காத அப்பா படிக்கச் சொன்னால் எடுபடாது என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

கணவர் நிறையப் படிக்க வேண்டியதில்லை, பஸ்கா இரவை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். அந்தச் செடர் விருந்தைப் போலக் குழந்தையை மனதில் வைத்துத் திட்டமிட்ட சடங்கு வேறு எனக்குத் தெரியாது. சாப்பாட்டுக்கு ரொம்ப முன்பே பார்ஸ்லியோ செலரியோ உப்புத் தண்ணீரில் தொட்டுக் கொடுக்கிறார்கள். எதற்கு இப்போது? குழந்தைகள் கவனிக்கட்டும் என்றுதான் என்கிறது தல்மூத், வேறு காரணமே சொல்லவில்லை. தூங்கிவிடக் கூடாது என்று ராபி அகிபா குழந்தைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுத்தாராம். புளிக்காத மட்ஸா ரொட்டிகள் மூன்றில் நடுவில் இருப்பதை உடைத்துப் பாதியை ஒளித்துவைக்கிறார்கள். அந்தத் துண்டைச் சாப்பிடாமல் விருந்தை முடிக்க முடியாது. கண்டுபிடித்த பிள்ளை பேரம் பேசும், பெரியவர்கள் பரிசு கொடுத்து மீட்க வேண்டும்.

எனக்குப் பிடித்த இடம் அபாயே சிறுவனாக வருவது. தாய் தகப்பன் இல்லாத பையன், ரப்பா என்ற பெரிய அறிஞரின் வீட்டில் வளர்ந்தவன். பஸ்கா இரவில் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, அதற்குள் முன்னால் இருந்த மேசையைத் தூக்குகிறார்கள். பையன் பதறிப்போய், "நாம் இன்னும் சாப்பிடவே இல்லையே, மேசையை எடுக்கிறீர்களே?" என்கிறான். ரப்பா சொல்கிறார்: "இந்த இரவு ஏன் வித்தியாசமானது என்று நாங்கள் சொல்ல வேண்டிய கடமையிலிருந்து எங்களை விடுவித்துவிட்டாய்." எழுதிவைத்த கேள்வியை ஒப்பிப்பதைவிட, பசியில் தானாக வந்த கேள்வி அவருக்குப் போதுமாக இருந்தது. உங்கள் வீட்டில் ஹகடாவை ஆளுக்கொரு பக்கமாக வேகமாகப் படித்துச் சாப்பாட்டுக்குப் பாய்கிறீர்களா? பல வீடுகளில் அப்படித்தான். அடுத்த முறை ஏதாவது ஒன்றை இடம் மாற்றிவைத்துப் பாருங்கள். சில செபராது (ஸ்பானிய வழி யூதர்) வீடுகளில் மட்ஸாவைத் துணியில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். எங்கிருந்து வருகிறாய்? எகிப்திலிருந்து. எங்கே போகிறாய்? எருசலேமுக்கு. உங்கள் பையனுக்குக் கூச்சமாக இருக்கலாம், ஆனால் அவன் அப்பா செய்தால் பார்த்துச் சிரிப்பான்.

இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது, முதலில் அடுக்களையில். நாம் வாங்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும், புளித்த மாவு விலக்கான பஸ்கா நாட்களில் அது ஆகாது. ஐரோப்பிய அஷ்கெனாசி வழக்கப்படி அரிசி, உளுந்து, துவரைகூடக் கிடையாது. செபராதுக்காரர்கள் அரிசி சாப்பிடுவார்கள். அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் யூதப் பிரிவும் 2015இல் இவற்றுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கும் வேலையைப் பையனிடம் கொடுங்கள். "இன்றைக்கு ரசத்தில் ஏன் பெருங்காயம் இல்லை? பாட்டி வீட்டில் மட்டும் ஏன் அரிசி கிடையாது?" என்று அவன் கேட்கட்டும். தெரியவில்லை என்றால் கணவர் தேடிப் படிக்கட்டும்.

வெளியிலிருந்து வந்தவள் என்று தயங்குகிறீர்கள். சட்டப்படி அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் பிரிவுகளுக்கு, ஒரு பிள்ளை யூதரா என்பதில் தாய் வழிதான் கணக்கு. சீர்திருத்தப் பிரிவு 1983இல், தகப்பன் யூதராக இருந்து பிள்ளையையும் அப்படி வளர்த்தால் போதும் என்று ஏற்றது. உங்கள் ஜெப ஆலயம் எந்தப் பக்கம் என்பதை இப்போதே ராபியிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள், பன்னிரண்டரை வயதில் பையன் முதல்முறையாக அதைக் கேள்விப்படக் கூடாது. அப்புறம் ஒன்று. வெள்ளி இரவு விளக்கேற்றிய பிறகு தகப்பன் மகனின் தலையில் கைவைத்து, தேவன் உன்னை எப்பிராயீமைப் போலவும் மனாசேயைப் போலவும் ஆக்குவாராக என்று ஆசீர்வதிப்பது வழக்கம். ஆபிரகாமையோ மோசேயையோ சொல்வதில்லை. அந்த இரண்டு பையன்களும் எகிப்தில் யோசேப்புக்குப் பிறந்தவர்கள், அவர்கள் அம்மா ஆஸ்நாத் எகிப்திய ஆசாரியன் ஒருவனின் மகள். இது சில ராபிகளுக்கே உறுத்தியிருக்க வேண்டும், அவள் உண்மையில் யாக்கோபின் பேத்தி என்று கதை கட்டியிருக்கிறார்கள். ஆதியாகமத்தில் அப்படி எதுவும் இல்லை. அந்த ஆசீர்வாதத்தைச் சொல்ல அரை நிமிடம் போதும். உங்கள் கணவர் இந்த வெள்ளியே தொடங்கலாம்.

தூங்கும் நேரத்துக்குப் புத்தகம் வேண்டுமென்றால் பிஜே லைப்ரரி என்ற யூதச் சிறுவர் புத்தகத் திட்டம் இருக்கிறது. 2005இல் ஹரோல்ட் கிரின்ஸ்பூன் மேற்கு மாசசூசெட்ஸில் தொடங்கியது, மாதாமாதம் இலவசமாக வீட்டுக்கே அனுப்புகிறார்கள். உங்களைப் போன்ற கலப்புக் குடும்பங்களுக்கும் உண்டு.

வகுப்பை இப்போது நிறுத்த வேண்டாம் என்பேன். பார் மிட்ஸ்வாவில் அவன் வாசிக்கப்போகும் தோராச் சுருளில் உயிர்க்குறிகளும் கிடையாது, இசைக்குறிகளும் கிடையாது, மெய்யெழுத்து மட்டும்தான். அதற்கு எழுத்துக்கூட்டும் பயிற்சி வேண்டும். ஆனால் அவன் எந்தப் பகுதியை வாசிக்கப்போகிறான் என்பது பிறந்த தேதியை வைத்து இப்போதே தெரிந்துவிடும். அதைக் கேட்டு வாங்கி, அப்பாவும் பையனும் ஆங்கிலத்தில் ஒருமுறை சேர்ந்து படிக்கட்டும். அது தொழுநோய் பற்றிய லேவியராகமப் பகுதியாக அமைந்தால் எனக்கு எழுதுங்கள், அதில் பத்து வயதுப் பையன் கேட்கக்கூடிய கேள்விகள் நிறைய இருக்கின்றன.