இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் ஆசை: எந்தக் கல்லூரி என்று கேட்பதற்கு முன்னால் எந்த வேலை என்று கேளுங்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகன் சி.பி.எஸ்.இ. பிளஸ் டூவில் வணிகவியலோடு கணிதமும் படிக்கிறான். இன்வெஸ்ட்மென்ட் பேங்கர் ஆவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலையில் அதே பெயரில் ஒரு பி.காம். இருக்கிறது, வருடத்துக்கு மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும், பெரிய வெளிநாட்டு வங்கிகள் வந்து ஆள் எடுக்கின்றன என்று சொல்கிறார்களாம். சேர்த்துவிடலாமா, இல்லை டெல்லி எஸ்.ஆர்.சி.சி. (ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி) மாதிரி இடத்துக்கு முயற்சி செய்யட்டுமா என்பது அவர் கேள்வி.

சார், முன்பணத்தைக் கட்டிவிடாதீர்கள். முதலில் அந்த அலுவலகத்தில் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த வங்கிகள் போன வருடம் எடுத்த பிள்ளைகளுக்கு வேலைக் கடிதத்தில் என்ன பதவி போட்டிருந்தது, எந்த ஊரில் வேலை?

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரிந்த ஒரு பெண் தன் வேலைக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மேலே உலகமே அறிந்த ஒரு வங்கியின் முத்திரை, கீழே பதவி ‘டிரேட் செட்டில்மென்ட்ஸ் அனலிஸ்ட்’. அதாவது வேறு யாரோ எங்கேயோ வாங்கி விற்ற பங்குகளுக்குப் பணமும் பங்கும் சரியாகக் கைமாறியதா என்று ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை. கௌரவமான வேலைதான், சம்பளமும் வீட்டுக்கு உதவும், நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவள் நினைத்தது கம்பெனிகளை வாங்குவது, விற்பது, பங்கு வெளியீடு நடத்துவது, அதாவது ‘டீல்’ வேலை என்று சொல்லும் அசல் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங். இரண்டும் ஒரே வங்கிக்குள் இருந்தாலும் வேறு வேறு கதவுகள். இங்கிருந்து அங்கே மாறியவர்கள் உண்டு, ஆனால் மிகக் குறைவு. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், புனேயில் இந்த வங்கிகள் வைத்திருக்கும் பெரிய பெரிய அலுவலகங்களில் அதிகம் இருப்பது இந்த மாதிரி ஆதரவு வேலைகளும் தொழில்நுட்ப வேலைகளும்தான்.

டீல் வேலை எங்கே நடக்கிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஹூண்டாய் 2024 அக்டோபரில் 27,870 கோடி ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. அதன் கார் ஆலை நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில். அந்த வெளியீட்டு ஆவணத்தின் அட்டையைப் பாருங்கள், கோடக், சிட்டி, ஹெச்.எஸ்.பி.சி., ஜே.பி. மார்கன், மார்கன் ஸ்டான்லி என்று வெளியீட்டை நடத்திய ஐந்து பேரின் பெயரும் விலாசமும் இருக்கும். ஐந்தும் மும்பை. கம்பெனி தமிழ்நாட்டில் இருந்தாலும் வங்கியாளர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி இவர்களை மெர்ச்சன்ட் பேங்கர் என்ற பெயரில் பதிவு செய்கிறது, அதனால் தேடும்போது அந்தப் பெயரிலும் தேடுங்கள். அப்புறம் லிங்க்ட்இன் போய், இந்த ஐந்தோடு ஆக்ஸிஸ் கேபிடல், ஜே.எம். ஃபைனான்ஷியல், அவெண்டஸ் இவற்றையும் சேர்த்து, அங்கே அனலிஸ்ட், அசோசியேட்டாக இருப்பவர்கள் எங்கே படித்தார்கள் என்று பையனையே ஒரு ஐம்பது பேருக்குக் குறித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கல்லூரியின் விளம்பரப் புத்தகத்தையும்விட நான் அந்தப் பட்டியலைத்தான் நம்புவேன்.

அப்படிப் பார்த்தால் திரும்பத் திரும்ப வருவது அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா ஐ.ஐ.எம்.கள், டெல்லி எஃப்.எம்.எஸ்., ஐ.எஸ்.பி. போன்ற எம்.பி.ஏ. கல்லூரிகள், அப்புறம் சி.ஏ. முடித்தவர்கள். பட்டப்படிப்போடு நேராக உள்ளே போனவர்கள் கொஞ்சம் பேர், அவர்களில் எஸ்.ஆர்.சி.சி., ஸ்டீபன்ஸ், ஐ.ஐ.டி. பிள்ளைகளைப் பார்க்கலாம். ஆக, நம் ஊர்ப் பையனுக்கு முதல் கல்லூரி அநேகமாக வாசல்படிதான், கதவு இரண்டாவது படிப்பில் திறக்கிறது. பணத்தை எங்கே செலவழிப்பது என்பதும் இதை வைத்தே முடிவாக வேண்டும். அகமதாபாத் ஐ.ஐ.எம். இரண்டு வருடத்துக்கு 25 லட்சத்துக்கு மேல் ஆகிறது, இப்போதே பி.காமுக்குப் பத்து லட்சம் கொட்டிவிட்டால் அப்போது கை காய்ந்திருக்கும்.

எஸ்.ஆர்.சி.சி. கிடைத்தால் யோசிக்காமல் அனுப்புங்கள். கட்டணம் அந்தத் தனியார் பல்கலைக் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான் ஆகும், செலவு டெல்லியில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும்தான். 2022 முதல் அங்கே பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இடம் தருவதில்லை, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் (CUET) மதிப்பெண்தான் கணக்கு. பொருளாதாரம் ஆனர்ஸ் கேட்க கணிதம் கட்டாயம், அது உங்கள் மகனிடம் இருக்கிறது, நல்லது. கூடவே இந்தூர் ஐ.ஐ.எம்.மின் ஐந்து வருடப் படிப்புக்கான நுழைவுத் தேர்வையும் எழுதட்டும், அதில் கணிதமும் ஆங்கிலமும்தான் முக்கியம்.

கிடைக்கவில்லையா? இடிந்துபோக வேண்டாம். லயோலா, எம்.சி.சி., விவேகானந்தா, கோவை பி.எஸ்.ஜி. இந்த மாதிரி இடத்தில் சாதாரண பி.காம். சேர்த்துவிட்டு, பக்கத்திலேயே சி.ஏ. ஆரம்பிக்கச் சொல்வேன். சி.ஏ.வின் இரண்டாம் நிலையான இன்டர்மீடியட்டின் இரண்டு குரூப்பும் முடித்ததும் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் வேலைப் பயிற்சி, 2023-இல் வந்த புதிய முறையில் அது மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. அந்த வேலை நேரத்தோடு கல்லூரி நேரம் மோதக் கூடாது என்பதால், காலை நேரத்திலோ மாலை ஷிப்டிலோ வகுப்பு உண்டா, வருகைப்பதிவில் எவ்வளவு கெடுபிடி என்பதைச் சேரும் முன்பே விசாரியுங்கள். கல்லூரியின் பெயரைவிட இதுதான் தினசரி வாழ்க்கையைத் தீர்மானிக்கும். ஆர்ட்டிகிள்ஷிப்பையும் வீட்டுப் பக்கத்து ஆடிட்டரிடம் வெறும் வரிக்கணக்கு வேலையாக முடித்துவிடாமல், கம்பெனிகளின் மதிப்பைக் கணக்கிடும் பிரிவு உள்ள பெரிய நிறுவனத்தில் கேட்டுப் பார்க்கட்டும். அந்த அனுபவத்தைத்தான் மும்பையில் நேர்காணலில் தோண்டித் தோண்டிக் கேட்பார்கள்.

இன்னொன்று, ஐ.ஐ.எம்.களில் சேர எழுதும் கேட் (CAT) தேர்வில் நல்ல பர்சென்டைல் வந்தும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மதிப்பெண்களால் நேர்காணல் அழைப்பு நழுவிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பெங்களூரு ஐ.ஐ.எம். போன்றவை பழைய மதிப்பெண்களுக்குக் கணிசமான எடை தருகின்றன. அதனால் இந்த வருடப் பொதுத்தேர்வை க்யூட்டுக்காக அலட்சியம் செய்ய விடாதீர்கள்.

மகனுக்கு நான் தரும் வேலை ஒன்று. செபி இணையதளத்தில் பங்கு வெளியீட்டு வரைவு ஆவணங்கள் எல்லாமே இலவசமாகக் கிடைக்கும், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான பக்கம். அவனுக்குப் பிடித்த ஒரு கம்பெனியுடையதை இறக்கி, அபாயங்களைச் சொல்லும் பகுதியிலிருந்து முப்பது பக்கமும் நிதி அறிக்கையும் இந்த வாரம் படிக்கட்டும். இன்வெஸ்ட்மென்ட் பேங்கரின் முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் இந்த மாதிரிப் பக்கங்களை எழுதுவதிலும், அதில் உள்ள ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று நள்ளிரவு வரை சரிபார்ப்பதிலும், எக்ஸெல்லிலும்தான் போகிறது. முப்பதாவது பக்கத்துக்குப் பிறகும் அவனாகவே அடுத்த பக்கத்தைத் திருப்பினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், க்யூட்டுக்கும் சி.ஏ.வின் முதல் நிலையான ஃபவுண்டேஷனுக்கும் சேர்த்து எப்படி நேரம் பிரிப்பது என்று பார்ப்போம்.