மாதப் பெயர் கம்பத்தின் மேல் விழுந்தால்

கேள்வி: எங்கள் பாசன சங்கத்துக்காக, மாதவாரி மழை இயல்பைவிட எத்தனை மி.மீ. கூடியது, குறைந்தது என்று எக்செல்லில் கம்ப வரைபடம் போட்டேன். மழை குறைந்த மாதங்களில் கம்பம் கீழ்நோக்கி இறங்கி, மாதப் பெயர் அதன் மேலேயே விழுகிறது. படிக்க முடியவில்லை. அணை நீர்மட்டப் படத்தில் இந்தத் தொல்லை இல்லையே, ஏன்?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பாபநாசத்தில் 143 அடி, மணிமுத்தாறில் 118 அடி வரை தண்ணீர் நிற்கலாம், எவ்வளவு வற்றினாலும் மட்டம் மைனஸுக்குப் போகாது. அதனால் அந்தப் படத்தில் கிடை அச்சு அடியிலேயே கிடக்கிறது, பெயர்களும் அதற்குக் கீழே ஒழுங்காக உட்கார்ந்துகொள்கின்றன. மழைப் படத்தில் மைனஸ் வந்துவிட்டதால் பூஜ்யம் நடுவுக்கு ஏறிவிட்டது. அச்சு பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டு போகும், பெயர் அச்சைப் பிடித்துக்கொண்டு போகும். இந்த இரண்டாவது பிடியை மட்டும் விடுவித்தால் போதும்.

மாதப் பெயர் ஒன்றைக் கிளிக் செய்து கன்ட்ரோல், 1 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். ஃபார்மேட் ஆக்சிஸ் திறக்கும். அதில் லேபிள்ஸ் என்பதை விரித்தால் ‘லேபிள் பொசிஷன்’ இருக்கும். ‘நெக்ஸ்ட் டு ஆக்சிஸ்’ என்றிருப்பதை ‘லோ’ என்று மாற்றுங்கள். பெயர்கள் அடிக்கு இறங்கிவிடும், அச்சுக்கோடு பூஜ்யத்திலேயே நிற்கும். லிப்ரே ஆபீஸ் என்றால் பொசிஷனிங் பக்கத்தில், பிளேஸ் லேபிள்ஸ் என்ற இடத்தில் ‘அவுட்சைடு ஸ்டார்ட்’.

இதே வேலைக்கு இன்னொரு வழியும் கண்ணில் படும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். செங்குத்து அச்சின் அமைப்பில், கிடை அச்சு எந்த எண்ணில் வெட்ட வேண்டும் என்று கேட்கும். அங்கே -150 என்று கொடுத்தாலும் பெயர்கள் அடிக்கு வந்துவிடும். ஆனால் அச்சு எங்கே வெட்டுகிறதோ அங்கிருந்துதான் எக்செல் கம்பத்தை எழுப்பும். 40 மி.மீ. குறைந்த மாதம்கூட -150-லிருந்து -40 வரை நெடுநெடுவென்று மேல்நோக்கி நிற்கும். நானே ஒருமுறை இப்படிப் போட்டு, ஒரு கூட்டத்தில் திரையில் காட்டினேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், “ஏ தம்பி, கார் நடவுக்கே தண்ணி இல்லாமப் போச்சு, ஜூன்ல இவ்வளவு ஒசரமா நிக்கி?” என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

சரி, மாதத்துக்குப் பதிலாக மழைமானி இருக்கும் ஊர்களைப் போடப் போகிறீர்கள் என்றால் வேறு சிக்கல். ஊத்து என்ற சின்னப் பெயர் கம்பத்தின் அகலத்துக்குள் அடங்கிவிடும், மூலைக்கரைப்பட்டியும் கன்னடியன் அணைக்கட்டும் அடங்காது. எக்செல் பெயர்களைச் சாய்த்துவிடும், சிலவற்றை விட்டும்விடும். விட்டதை மீட்க, அதே லேபிள்ஸ் பகுதியில் இடைவெளியை 1 என்று குறிப்பிடலாம். ஆனால் சாய்ந்த தமிழை யார் தலையைச் சாய்த்துப் படிப்பது? கம்பங்களைப் படுக்கப் போடுங்கள், அதாவது பார் சார்ட். பெயர்கள் இடப்பக்கம் நேராக வரும். இங்கேயும் மைனஸ் இருந்தால் அதே ‘லோ’தான்.

படுக்கப் போட்டதும் பட்டியலின் முதல் ஊர் அடியில் போய் நிற்கும். ஊர்ப் பெயர்களின் ஃபார்மேட் ஆக்சிஸில் ‘கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்’ என்பதை டிக் செய்தால் மேலே வந்துவிடும். அப்புறம் எண்கள் உச்சிக்கு ஏறிக்கொள்ளும். அதே பலகத்தில் ‘அட் மேக்ஸிமம் கேட்டகரி’ கொடுத்தால் அவையும் கீழே இறங்கிவிடும்.