பிஸ்டன் கைக்கு வரட்டும், போரிங் அப்புறம்

ஸ்விஃப்டுக்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அழுத்தி அடித்து உருவாக்கியது) வெளிநாட்டிலிருந்து வரவழைக்க எவ்வளவு ஆகும்?

எந்த ஸ்விஃப்ட்? 2005-இல் வந்த 1.3 பெட்ரோல் என்றால் ஜி13பிபி இன்ஜின். 2010-இல் வந்த 1.2 பெட்ரோல் என்றால் கே12எம், பிற்பாடு அதுவும் மாறிவிட்டது. டீசல் என்றால் கதையே வேறு. வண்டிப் பெயரை மட்டும் எழுதினால் நானும் பதில் சொல்ல முடியாது, விற்பவரும் சரியான சாமான் அனுப்ப முடியாது. பிளாக்கில் உள்ள இன்ஜின் எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

என் 16 வால்வு ஜிப்சிக்கு வெளிநாட்டு ஸ்விஃப்ட் ஜிடிஐ பிஸ்டன் பொருந்துமா? போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) இரண்டுக்கும் 74 மிமீதானே?

போர் ஒன்றுதான், ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல் பகுதி) வேறு. ஜிடிஐ ட்வின் கேம், அதாவது வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இரண்டு; உங்களுடையது சிங்கிள் கேம். வால்வு வந்து இறங்கும் கோணமே மாறுகிறது. உங்கள் ஹெட்டுக்கென்று செய்ததையே வாங்குங்கள்.

பிஸ்டன் வர ஆறு வாரம் ஆகுமாம். அதற்குள் பிளாக்கை 74.5 மிமீக்குப் போர் போட்டு (சிலிண்டரை அறுத்துப் பெரிதாக்கி) வைத்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். இதை எத்தனை முறை எழுதினாலும் மாதம் ஒருவர் கேட்டுவிடுகிறார். பாதிப் பேர் போர் போட்ட பிறகுதான் கேட்கிறார்கள்!

பெட்டியில் அச்சடித்த 74.5 என்பது போரின் அளவு, பிஸ்டனின் அளவு அல்ல. நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பது பிஸ்டனின் உலோகத்தைப் பொறுத்தது. 4032 என்ற அலுமினிய அலாயில் சிலிக்கான் 12 சதவீதம் போல இருப்பதால் சூட்டில் குறைவாக விரியும். 2618 என்ற அலாய் அதைவிட அதிகம் விரியும், அதற்குக் கூடுதல் இடைவெளி வேண்டும். லேத்காரர் பழக்கத்தில் கம்பெனி பிஸ்டனுக்கு விடுகிற 0.03, 0.04 மிமீயை விட்டால், சூடேறியதும் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.

நானும் ஒருமுறை அவசரப்பட்டவன்தான். 74.5-க்குப் போர் போட்டு முடித்த மறுவாரம், அந்த அளவு தீர்ந்துவிட்டது, 75 மட்டுமே இருக்கிறது என்று விற்றவர் எழுதினார். வேறு வழியில்லாமல் 75-க்கு அறுத்தோம். அடுத்த ரீபோருக்கு சிலிண்டர் சுவரில் உலோகமே மிச்சமில்லை. நல்ல பிளாக், இன்று நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

நான்கு பிஸ்டனும் கைக்கு வரட்டும். உள்ளே இருக்கும் சீட்டு ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ப்பக்கச் சுவர்) எந்த இடத்தில் அளக்கச் சொல்கிறதோ, அங்கே மைக்ரோமீட்டர் வைத்து ஒவ்வொன்றையும் அளந்து எண் போடுங்கள். பிஸ்டனையும் சீட்டையும் பிளாக்கோடு லேத்துக்குக் கொண்டுபோங்கள். அதற்கு முன் இரும்பைத் தொடாதீர்கள்.

பழைய கனெக்டிங் ராடில் புது ராடு போல்ட் மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. புது போல்ட்டை முறுக்கியதும் பிக் எண்டின் (ராடின் பெரிய முனைத் துளை) வட்டம் மாறும். அளந்து, தேவைப்பட்டால் மறுபடி ஹோனிங் (கல்லால் தேய்த்துச் சீராக்குவது) செய்ய வேண்டும். பெட்டியில் வரும் கிரீஸையே போடுங்கள், டார்க் (முறுக்கும் விசை) அளவு அதற்குத்தான்.

பில்லில் விலையைக் குறைத்துப் போடச் சொல்லலாமா?

கூடாது. அது குற்றம். சாமான் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும், வழியில் உடைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான். வரியை சாமான் விலையோடு கூரியர் செலவையும் சேர்த்துத்தான் போடுவார்கள், ஆகவே பட்ஜெட்டை ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டன் ரிங் கேப் (ரிங்கின் இரு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளி) எவ்வளவு?

டர்போ இல்லாத தெரு வண்டி, 74 மிமீ போர் என்றால் மேல் ரிங்குக்கு 0.3 மிமீ சுமார். சீட்டில் வேறு அளவு இருந்தால் சீட்டுதான் சரி. ஹோனிங் முடிந்த பிறகு அந்தந்த சிலிண்டரிலேயே வைத்து அளங்கள்.