எலும்புக்குள் வைத்த சிமென்ட்டை ஏன் திரும்ப எடுக்கிறார்கள்?

கேள்வி: பைக் விபத்தில் என் கணவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, பிளேட் வைத்த இடத்தில் சீழ் பிடித்துவிட்டது. கெட்டுப்போன எலும்பை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் மருந்து கலந்த சிமென்ட் வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதத்தில் மறுபடி ஆபரேஷன் செய்து அதை எடுக்கணுமாம். தானாகக் கரைகிற மாதிரி ஒன்றை வைக்கக் கூடாதா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: இன்னொரு ஆபரேஷன் என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். முதலில், அது வீடு கட்டுகிற சிமென்ட் இல்லை, பல் செட் செய்கிற அக்ரிலிக் வகை பிளாஸ்டிக். பொடியையும் திரவத்தையும் தியேட்டரிலேயே குழைப்பார்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் கல்லாக இறுகிவிடும், இறுகும்போது நன்றாகச் சுடும். அதனால் சூட்டில் கெடாத ஜென்டாமைசின், வான்கோமைசின் போன்ற மருந்துகளைத்தான் கலக்க முடியும். 1970 வாக்கில் ஹாம்பர்க்கில் புக்ஹோல்ஸ் என்ற சர்ஜன் தொடங்கிவைத்த வழி இது.

சீழ் பிடித்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஊசி மருந்து போதுமான அளவு போய்ச் சேராது. சிமென்ட்டோ அந்த இடத்திலேயே மருந்தைக் கசியவிடும். ஆனால் பெரும்பாலும் மேல்பரப்பில் உள்ளதுதான் வெளியே வரும், மற்றது உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மருந்து வற்றியதும் அதே சிமென்ட் மேல் கிருமி குடியேறலாம்.

சரி, கரைகிற பொருள்? கால்சியம் சல்ஃபேட் மணிகள் இருக்கின்றன, சில வாரத்தில் கரையும், ஆனால் பாரம் தாங்காது. பாலிலாக்டிக் அமிலம் என்ற கரையும் பிளாஸ்டிக்கோடு எலும்பின் தாதுவான ஹைட்ராக்ஸிஅபடைட்டைக் கலந்து செய்த ஸ்க்ரூக்களும் உண்டு. கிருமியையும் கொன்று, எலும்பையும் வளர்த்து, எடையையும் தாங்கும் ஒரே பொருளுக்குத்தான் இப்போது ஆராய்ச்சி ஏராளமாக நடக்கிறது, சிக்கல் எல்லாம் நேரக்கணக்கில். மருந்து சில வாரம் வந்தால் போதும், எலும்பு சேர மாதக்கணக்காகும், இந்த பிளாஸ்டிக் முழுசாகக் கரைய வருஷக்கணக்காகும். அவசரமாகக் கரைய வைத்தாலோ அமிலம் தேங்கி சுற்றியுள்ள சதை புண்படும் (தாது கலப்பதில் அதைத் தணிக்கிற நோக்கமும் உண்டு).

அப்புறம், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது மாஸ்க்லே என்ற பிரெஞ்சு சர்ஜனின் முறையாக இருக்கலாம். ஆறெட்டு வாரத்தில் சிமென்ட்டைச் சுற்றி உடம்பே ரத்தக் குழாய் நிறைந்த ஒரு சவ்வை வளர்த்துவிடும். சிமென்ட்டை எடுத்துவிட்டு அந்தச் சவ்வுக்குள், பெரும்பாலும் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டுகளை நிரப்புவார்கள். அப்படியானால் அடுத்த ஆபரேஷன் எடுப்பதற்கு மட்டுமில்லை, எலும்பு வைப்பதற்கும்தான். "எலும்பு எங்கிருந்து எடுப்பீர்கள்?" என்றே டாக்டரிடம் கேளுங்கள். கணவருக்கு சிகரெட் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள், எலும்பு சேர்வதை அது நன்றாகவே தாமதப்படுத்தும்.